முழங்கைக்குப் பின்னால் ஒரு கன்னம்

வீபோர் நகர நூலகத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர் தரையில் உட்கார்ந்து ஒரு அனிமேஷன் படத்தைப் பார்த்தார்கள். ஆறு நிமிடப் படம், பேச்சே கிடையாது. தாயை இழந்த சிக்னே என்ற சிறுமி, தீவில் இருக்கும் அத்தை வீட்டுக்கு வந்து சேர்கிறாள். கடைசிக் காட்சியில் எல்லோரோடும் சாப்பிட உட்கார்கிறாள்.

விளக்கைப் போட்டதும் இயக்குநர் யெப்பே கேட்டான்: "சிக்னே இப்ப எங்க இருக்கா?"

"விருந்துக்குப் போயிருக்கா!"

"எப்ப வீட்டுக்குத் திரும்புவா?" என்றது இன்னொரு குரல்.

பின்னால் நின்ற டாக்மார் காலியான திரையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சாப்பாட்டு மேசைக்கு மூன்று வாரம் வண்ணமும் வெளிச்சமும் தீட்டியவள் அவள்தான்.

"வெள்ளிக்கிழமை படத்தைக் குடுத்தாகணும்," என்றான் யெப்பே, படம் வரையும் பட்டறைக்குத் திரும்பும் வழியில். "'இனி இதுதான் சிக்னேவோட வீடு'ன்னு ஒரு குரல் சேத்துடலாம்."

"குரல் வந்து சொல்லணும்னா நாம எதுக்கு வரைஞ்சோம்? ரேடியோவுக்கே போயிருக்கலாமே."

"கோவப்படாத டாக்மார். வியாழக்கிழமை வேற வகுப்பு வருது. அதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா குரல்தான்."

டாக்மார் படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தாள். தொடக்கத்தில் சிக்னே திரையின் ஓரத்தில் தனியாக நிற்கிறாள். மற்றவர்களைச் சுற்றித் தடித்த கோடு, அவளைச் சுற்றி மட்டும் மெல்லிய கோடு. போகப் போக அவள் கோடும் தடிக்கிறது. அவளுடைய நீலச் சட்டையில் அந்த வீட்டு விளக்கின் மஞ்சள் ஏறுகிறது. கடைசியில் மேசையின் நடுவே, முகமெல்லாம் வெளிச்சமாக இருக்கிறாள். எல்லாம் முறையாகத்தான் இருந்தது. பிறகு எங்கே இடிக்கிறது?

மதியம் பட்டறையில் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கணினி பழுது பார்க்க வந்தவரை நடுவில் உட்கார வைத்தார்கள். மீன் தட்டு முதலில் அவரிடம் போனது. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். டாக்மாரை யாரும் பார்க்கவில்லை. வெண்ணெய் எடுக்க நீண்ட யெப்பேயின் முழங்கை அவள் மூக்கை உரசிக்கொண்டு போனது.

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"யெப்பே, நாம அவளுக்கு ரொம்ப மரியாதை பண்ணிட்டோம்!"

"யாருக்கு?"

"சிக்னேவுக்குத்தான். நடுவுல உக்கார வச்சு, வெளிச்சம் போட்டு, ஆளாளுக்குக் கிண்ணத்த நீட்டி... விருந்தாளிக்குத்தானே அதெல்லாம்?"

அன்றே படத்தில் சிக்னே நடுவிலிருந்து நகர்ந்தாள். மாமாவின் பார்வை நாயிடம் போனது, அத்தையின் பார்வை அடுப்புக்கு. வெளிச்சம் எல்லோருக்கும் சமமாயிற்று. அத்தை மகன் கிழங்குக் கிண்ணத்துக்கு நீட்டும் கை சிக்னேவின் கன்னத்தில் பாதியை மறைத்தது. அதற்குள் அவளே எட்டிக் கடைசிக் கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

"மூணு வாரம் இழைச்ச கன்னம்," என்றான் அந்தக் கையை வரைந்துகொண்டிருந்த யெப்பே. "இன்னொரு தடவ யோசிச்சுக்கோ."

"யோசிச்சா மனசு வராது. மறைச்சுடு."

வியாழக்கிழமை படம் முடிந்ததும், யெப்பே வாயைத் திறக்கும் முன்பே ஒரு பையன் எழுந்துவிட்டான். "கடைசிக் கிழங்க அவ எடுத்துட்டா! அந்த அண்ணனுக்கு இல்ல!"

"நாளைக்கு அவன் முதல்ல எடுத்துப்பான், உக்காருடா," என்றாள் பக்கத்துச் சிறுமி.

சிக்னே எப்போது திரும்பிப் போவாள் என்று யாரும் கேட்கவில்லை. யெப்பே வெளியே போய், குரல் கொடுக்க வரவிருந்தவருக்கு போன் போட்டு, வர வேண்டாம் என்றான்.