கூட்டம் வந்த ஆட்டம்

2012 செப்டம்பரில் வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகில் கதவடைப்பு தொடங்கியது. ஒப்பந்தத் தகராறில் அணி முதலாளிகள் ஆட்டக்காரர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். பெரிய ஆட்டம் இல்லாததால் ரசிகர்கள் சின்ன அணிகளின் ஆட்டங்களைத் தேடிப் போகிறார்கள் என்று ரவிசங்கர் சாப்பாட்டு மேசையில் செய்தி படித்துக் காட்டுவார். அது நியூசிலாந்தின் ஆக்லாந்து வரைக்கும் வரும் என்று அவர் மனைவி நிர்மலாதேவி நினைக்கவில்லை.

மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் வீடு வாங்கிய குடும்பம் அது. நிர்மலாதேவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மகள் ரஷ்மிக்கு ஐஸ் ஹாக்கிப் பைத்தியம் பிடித்ததிலிருந்து சனிக்கிழமைகள் ரானுயிக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ் ரிங்க் என்ற பனித்தரை அரங்கில்தான் கழிந்தன. அங்கே ரவிசங்கர் மைக்கில் அறிவிப்பார். நிர்மலாதேவி முதலுதவிப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பாள். பார்க்க வருவது ஆடுகிறவர்களின் அப்பா அம்மாக்கள் மட்டும்தான்.

டெரெக் வந்ததும் எல்லாம் மாறியது. கதவடைப்பால் வேலையில்லாமல் போன கனடா ஆட்டக்காரர் அவர். நகரின் வடக்கே ஆல்பனியில் மாமியார் வீட்டில் தங்கியிருந்தவரை ஒரே ஓர் ஆட்டம் ஆடித் தரும்படி கிளப் செயலாளர் கிரேக் கேட்டு, சம்மதமும் வாங்கிவிட்டார். செய்தி பரவியது. ஊரில் இருந்த கனடாக்காரர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள் போலிருந்தது. கிரேக் எங்கிருந்தோ இரும்புக் குழாய்களையும் பலகைகளையும் கொண்டுவந்து, ரிங்க்கின் ஒரு பக்கத்தில் அவசர அவசரமாகப் படிவரிசை இருக்கைகள் கட்டினார்.

அன்று மத்தியானம் அந்த வரிசைகளில் கால் வைக்க இடமில்லை. ரஷ்மி தோழிகளோடு உச்சி வரிசையில் இருந்தாள்.

ஆட்டத்தில் ஒருவருக்கு உதடு கிழிந்தது. ஒத்தடப் பை எடுக்க நிர்மலாதேவி இருக்கைகளுக்கு அடியில் புகுந்து பின்னால் இருந்த அறைக்குப் போனாள். அப்போது டெரெக் ஒரு கோல் போட்டார். தலைக்கு மேலே கூட்டம் மொத்தமும் காலால் தட்டியது. மூலையில் இருக்கைகளைத் தாங்கிய ஒரு குழாய் தரையை விட்டு எழும்பி, மறுபடி விழுந்ததை அவள் பார்த்தாள்.

கிட்டப் போய்க் குனிந்தாள். குழாய்க்கு அடியில் வைத்திருந்த மரக்கட்டை ஈரத்தில் ஊறிப் பிளந்திருந்தது. பாதிக் குழாய்தான் அதன்மேல் நின்றது. தொட்டாள். காய்ச்சல்காரன் கைபோல நடுங்கியது.

கிரேக்கிடம் ஓடினாள். அவர் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இடைவேளையில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். அந்தக் குழாய் அதைத் தாங்காது.

மகளுக்கு போன் அடித்தாள். எடுக்கவில்லை. 'உடனே கீழே வா' என்று செய்தி அனுப்பினாள். மேலே ரஷ்மி போனைப் பார்த்தாள், சிரித்தபடி கையசைத்தாள். 'ஆஃப்டர் திஸ், மா' என்று பதில் வந்தது.

கத்தலாம் என்று தோன்றியது. கத்தினால் இத்தனை பேரும் ஒன்றாக இறங்கப் பாய்வார்கள். ரஷ்மிக்குப் பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிர்மலாதேவி கத்தவில்லை. அறிவிப்பு மேசைக்கு நடந்தாள். ஓடவில்லை.

"என்னங்க, மைக்க மூடுங்க. அந்தச் சீட்டெல்லாம் விழப் போவுது."

"என்னலா சொல்ற?"

"நான் கைய வச்சுப் பார்த்தேன். ரஷ்மி மேல இருக்கா."

ரவிசங்கர் மைக்கை மூடினார். "எல்லாரையும் எறங்கச் சொல்லட்டா?"

"சொன்னா மிதிபட்டுச் சாவாங்க. அந்தக் கனடாக்காரரக் கூப்பிடுங்க. எதிர்ப்பக்கம் போய் நிக்கச் சொல்லுங்க. அவரைப் பார்க்கத்தானே வந்திருக்காங்க."

ரவிசங்கர் நடுவருக்குச் சைகை காட்டி ஆட்டத்தை நிறுத்தினார். டெரெக் வந்து குனிந்து கேட்டார். ஒரு தடவைதான் அந்த இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார், சிரித்துக் கையை ஆட்டிக்கொண்டே எதிர்ப்பக்கம் சறுக்கிப் போனார்.

ரவிசங்கர் மைக்கை எடுத்தார். டெரெக் இப்போது கையெழுத்துப் போடப் போகிறார், புது இருக்கைகளில் இருப்பவர்களுக்கே முதல் வாய்ப்பு, கீழ் வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக நடந்து வர வேண்டும், ஓடுகிறவர்களுக்குக் கையெழுத்து கிடையாது என்றார். கூட்டம் சிரித்தது.

முதல் வரிசை எழுந்தது. நிர்மலாதேவி படியடியில் நின்று ஒவ்வொருவரையும் கைபிடித்து இறக்கினாள். "மெதுவா, மெதுவா" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்கே தெரியவில்லை. வரிசைகள் காலியாகின. மேலே ரஷ்மி குழந்தைக்காரிக்கு வழிவிட்டு, அவள் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, கடைசியாக வந்தாள்.

குழந்தைக்காரி தரையில் கால் வைத்தாள். மரம் முறிகிற சத்தம் கேட்டது. மூலை கீழே இறங்கியது. பலகைகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. ரஷ்மி சறுக்கி வந்தாள். நிர்மலாதேவி அவள் ஜாக்கெட்டைப் பிடித்து இழுக்க, இருவரும் ரப்பர் விரிப்பில் விழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மேல் வரிசைகள் சுவரில் மோதி நின்றன.

ரஷ்மியின் மணிக்கட்டு உடைந்திருந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிர்மலாதேவி நிதானமாகக் கட்டை வைத்துக் கட்டினாள். கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். நிர்மலாதேவி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற ரஷ்மி பக்கத்தில் உட்கார்ந்தாள். "பயந்துட்டீங்களா, அம்மா?"

"இன்னும் பயமாத்தான்டி இருக்கு."

ஜனவரியில் கதவடைப்பு முடிந்தது. டெரெக் ஊர் திரும்பினார். அடுத்த சீசனில் பழையபடி பெற்றோர்கள் மட்டும் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டமே இல்லை என்று கிரேக் குறைப்பட்டுக்கொண்டார். நிர்மலாதேவி தேநீர் ஊற்றிக்கொண்டாள்.