உடைந்த கடைவாய்ப்பல்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், பேரக்குழந்தையை மடியில் வைத்திருந்த என் மனைவி, என் மகன், மருமகள், அவளுடைய அப்பாவான கொத்தனார் சம்பந்தி, எதையும் வாயில் வைத்திருக்கத் தெரியாததால் நாங்கள் 'வானொலி' என்று அழைக்கும் என் தங்கை. வேறு யாரும் இல்லை.

மருமகளை மட்டும் சில காலம் தாய்வீட்டுக்கு அனுப்பலாமா என்று பேசத்தான் கூடினோம். தையல் கடை நடத்துகிறவள். குழந்தை பிறந்தபின் ஆளே மாறிவிட்டாள். ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டினாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள். கேட்டால் சுள்ளென்று விழுந்தாள். போதாததற்கு, எந்நேரமும் ஐஸ்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் முன்னிலையில் அது என்ன பழக்கம்?

புத்தி பேதலித்துவிட்டது என்றாள் தங்கை. சம்பந்தி தலை நிமிரவில்லை. மருமகளோ, குழந்தையை விட்டுப் போக மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். உட்காரச் சொன்னேன்.

"முடியல மாமா. காலுக்குள்ள எறும்பு ஊருது."

"எறும்புக்கு வேற வீடு கெடைக்கலையாக்கும்" என்றாள் தங்கை.

மருமகள் இன்னொரு ஐஸ்கட்டியை வாயில் போட்டாள். 'டக்' என்று ஒரு சத்தம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உள்ளங்கையில் பாதிப் பல்.

நானும் மகனும் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் பல்லைவிட நாக்கைத்தான் அதிக நேரம் பார்த்தார். வெளுத்து வழவழவென்று இருந்ததாம். கீழ் இமையையும் இழுத்துப் பார்த்தார்.

"ஐஸ் நெறைய திம்பீங்களா?"

"அது இல்லாம இருக்க முடியல டாக்டர்."

"ரத்தத்தைச் சோதிச்சுப் பாருங்க. இரும்புச்சத்து கொறஞ்சா இப்படி ஆசை வரும். மறதி, எரிச்சல், கால் பரபரப்பு, எல்லாமே வரும்."

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை என்றேன். பிரசவத்தில் போன ரத்தத்துக்குச் சாப்பாடு மட்டும் ஈடுகொடுக்காது என்றார். சோதனையும் அவர் பக்கமே பேசியது.

அவள் எங்கும் போக வேண்டியதில்லை என்று சம்பந்தியிடம் நானே சொன்னேன். மாத்திரை தொடங்கியது. உடனே ஒன்றும் மாறவில்லை. காலும் ஆடியது, சண்டையும் நடந்தது. பிறகு மெல்ல மெல்ல ஐஸ் தட்டு காலியாகாமல் கிடந்தது. இப்போது குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே பொத்தான் தைக்கிறாள்.

நாங்கள் மருமகளை அறைந்து பல்லை உடைத்ததாகத் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அவள் மேல் யாரும் கை வைக்கவில்லை. ஐஸைக் கடித்ததில்தான் பல் உடைந்தது.