கட்டம் போட்ட காலுறை

திண்டிவனம் மாதா கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்து பழைய துணி மூட்டை ஒன்று வந்திருந்தது. 1983ஆம் வருடம், மார்கழி. தையல் டீச்சர் ஜெயம்தான் அதைப் பிரித்தாள். கவுன்களுக்கு அடியில் நீளநீளமாக இரண்டு கம்பளிக் குழாய்கள். கறுப்பில் சாய்வாகச் சிவப்புக் கட்டங்கள்.

அவள் மகள் அம்சா ஒன்றைக் கையில் மாட்டினாள். தோள் வரை வந்தது.

"கால்ல போடறதுடி. குதிகால் இருக்குது பாரு."

"இவ்ளோ நீளமா? யாரு போட்டாங்க?"

ஜெயத்துக்கும் தெரியவில்லை. அம்சாவுக்கு எட்டு வயது. இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய இடது காலில் இரும்புக் காலிப்பர் கட்டி நடப்பாள். அதன் தோல் வாரை மாற்ற விழுப்புரம் போனபோது, ஜெயம் காலுறையையும் எடுத்துக்கொண்டாள். அங்கே ஸ்டூடியோ வைத்திருந்த அப்பாதுரையிடம் வெள்ளைக்காரக் குடும்பங்களின் பழைய படங்கள் இருந்தன.

அவர் தேடி எடுத்த படத்தில் சுருட்டை முடியோடு ஒரு குழந்தை. கவுனுக்குக் கீழே அதே மாதிரிக் கட்டங்கள்.

"பொண்ணு அழகா இருக்குது" என்றாள் அம்சா.

"பையன்மா அது. அப்பல்லாம் அவங்க சின்னப் பசங்களுக்கும் கவுன்தான் போட்டுக்கினு இருந்தாங்க."

அம்சா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு படத்தைக் கண்ணருகே பிடித்தாள். "இந்த வெயில்ல அரிக்காதா?"

"அரிச்சிருக்கும். மூஞ்சப் பாரு" என்றாள் ஜெயம்.

வீடு திரும்பியதும் அம்சா காலுறையை மாட்டி, அதன்மேல் காலிப்பரைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தாள். "அம்மா, வாரு உறுத்தல! ஆனா புழுங்குது."

புது வார் உரசி முழங்காலுக்குக் கீழே ஏற்கெனவே தோல் சிவந்திருந்தது. ஜெயம் காலுறையை உள்வெளியாகத் திருப்பினாள். சிவப்பு நூல் கறுப்புக்குப் பின்னால் ஒளிந்து ஓடி, வேண்டிய இடத்தில் மட்டும் முன்னால் வந்திருந்தது. அட, இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. பருத்தி நூல் வாங்கிப் பின்னத் தொடங்கினாள். நிறத்தை அம்சா சொன்னாள்: மஞ்சளும் பச்சையும். கட்டங்கள் கோணிக்கொண்டன, பிரித்துப் பிரித்துப் பின்னினாள். குதிகால் மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. கணுக்காலோடு முடித்துவிட்டாள்.

பள்ளியில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னொரு காலுக்கு எங்கடி?" என்றாள் பக்கத்து பெஞ்சு சின்னபொண்ணு.

"அதுக்கு எதுக்கு? அதுலதான் வாரு இல்லியே."

அன்று சாயங்காலம் சின்னபொண்ணு அம்சா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், எனக்கும் ஒன்னு பின்னித் தர்றீங்களா? ஒரு காலுக்குப் போதும்."