வேறொருவன் குரல்

கடவுச்சொல் கேட்டுவிட்டுத் திரை அப்படியே நின்றது. வெனிங் அடித்தாள். ஒரு புள்ளிகூட விழவில்லை. மடிக்கணினியைக் கவிழ்த்துத் தட்டினாள். நாலைந்து எறும்பும் கொஞ்சம் பிஸ்கட் தூளும் உதிர்ந்தன. மறுபடி அடித்தாள். திரை கல்லுளிமங்கன் மாதிரி இருந்தது.

ஜாவாவின் சலாத்திகா ஊரில் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் மாணவர்களுக்கு ஆய்வேடு தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. கடையின் எல்லாக் கணினியிலும் லினக்ஸ்தான். திருட்டு விண்டோஸ் வைத்து மாட்டிக்கொள்ள முதலாளி லியுஸுக்குப் பயம். புதிதாக ஏதாவது நிறுவ வேண்டுமென்றால் அதையும் அவனே பார்த்துக்கொள்வான். கழித்துப் போட்ட ஒரு மடிக்கணினியை அவளுக்குக் கொடுத்ததும் அவன்தான். இப்போது அவனுக்கே போன் போட்டாள்.

"அது வெக்கப்படும்க்கா. கடவுச்சொல்ல வெளிய காட்டாது. நீங்க பாட்டுக்கு அடிச்சுட்டு என்டர் தட்டுங்க."

"முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு இதக் கவுத்துப் போட்டுத் தட்டிக்கிட்டிருக்கேன்."

எதிரே பாயில் அவள் கணவன் மர்வோத்தோ கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். போன மழைக்காலத்தில் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தங்கியது, குரல் போயிற்று. சோலோவுக்கும் செமாராங்குக்கும் ஓடும் பேருந்தில் ஆயுசில் பாதியைப் படிக்கட்டில் தொங்கிக் கத்தியே கழித்த கண்டக்டர் அவன். இப்போது கழுத்துத் துளையின் மேல் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முதலில் சிலேட்டில் எழுதிக் காட்டினான். பிறகு சிலேட்டையும் தூக்கி அலமாரி மேல் போட்டுவிட்டான். பாத்தாம் தீவில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் மகள் ரத்ரி ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். அவன் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பான். கொஞ்ச நாளாக அதுவும் இல்லை. மணி அடித்ததுமே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறான்.

அடித்ததைப் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று இருப்பது வெனிங்குக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இந்தோனேசியக் குரல் அதில் தனியாகக் கிடைத்தது. கடையில் பதிவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தாள். அதைச் சொன்னபோது அவன் சிலேட்டைத் தேடி எடுத்து ஒரே ஒரு வரி எழுதினான்: 'எனக்கு எதுக்கு இன்னொருத்தன் குரல்?' அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. இயந்திரம் பேசப் பேச, காதுக்குள் மிச்சமிருக்கும் அவன் குரல் அழிந்துபோய்விட்டால்?

பென்டிரைவிலிருந்த மென்பொருள் மூட்டையைப் பிரித்தாள். உள்ளே இருந்த கோப்பை ஓட்டினாள். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது.

"என் வீட்டுல எனக்கே அனுமதி இல்லயாம். கேட்டீங்களா?"

அவன் கீரையிலிருந்து நிமிரவில்லை. கூடவந்த குறிப்பைப் பார்த்து, கோப்புக்கு ஓடும் உரிமையைக் கொடுத்தாள். ஓடியது. வரிகள் சரசரவென்று ஏறிப் பாதியில் நின்றன. இன்னொரு கோப்பு தேவையாம். அது இந்தக் கணினியில் இல்லையாம். மறுபடி லியுஸுக்குப் போன் போட்டாள்.

"அது எங்க தனியா வந்திருக்கு? மாப்பிள்ள வீட்டுக்காரங்க மாதிரி. ஒருத்தர் வந்தா ஒன்பது பேரு பின்னாலயே வருவாங்க. வாங்க, எடுத்து வைக்கிறேன்."

வெளியே மழை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மறித்த ஷேர் வேன் நிற்காமல் சேற்றை அடித்துவிட்டுப் போனது. ஒருவழியாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்து, பென்டிரைவை நெகிழிப் பையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

வீட்டில் அவனைக் காணோம். கூரை ஒழுகும் இடத்திலிருந்து மேசை நகர்த்தப்பட்டிருந்தது. மடிக்கணினி மேல் அவனுடைய கைலியைக் கூடாரம்போல் போட்டிருந்தான். அதை விலக்கினாள். கறுப்புத் திரையில் அவள் அடித்த கட்டளைகளுக்குக் கீழே, அவள் அடிக்காத ஒரு வரி இருந்தது.

'என் பெஞ்சாதி நனஞ்சுட்டு வருவா'

அதற்கும் கீழே கணினி தன் கடமையைச் செய்திருந்தது: அப்படி ஒரு கட்டளை இல்லை.

ஈரத்தோடு நின்று அதையே பார்த்தாள். அவன் கொல்லையிலிருந்து துண்டோடு வந்தபோது, எதையும் படிக்காதவள்போல் தலையைத் துவட்டிக்கொண்டாள்.

விடுபட்ட கோப்பை முதலில் நிறுவினாள். அது இன்னொன்றைக் கேட்டது. லியுஸ் அதையும் சேர்த்தே வைத்திருந்தான். பிறகு குரல். இந்த முறை வரிகள் கடைசிவரை ஏறின. காலை வணக்கம் என்று அடித்துப் பார்த்தாள். சலவைச் சட்டை போட்ட ஆள் வங்கி வாசலில் நின்று சொல்வதுபோல் ஒரு குரல் வணக்கம் சொன்னது.

"ஏதாவது அடிங்க. புடிக்கலன்னா நாளைக்கே தூக்கிடலாம்."

அவன் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினான்.

"செமாராங். செமாராங். உள்ளே காலி. உட்கார்ந்து போகலாம்," என்றது குரல், அத்தனை மரியாதையாக.

மூச்சுவிட இடமில்லாத பேருந்திலிருந்து அவன் கூசாமல் கூவும் பொய் அது. வெனிங் சிரித்தாள். நிறுத்த முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். அவன் தோள்கள் சத்தமில்லாமல் குலுங்கின.

அவள் அடுப்பில் எண்ணெய் வைத்துவிட்டு வந்தபோது ரத்ரியின் ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. அவன் எழுந்தான், கொல்லை வாசலைப் பார்த்தான், உட்கார்ந்தான். அவள் ஒலிபெருக்கியைப் போட்டுக் கணினி அருகே போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். எண்ணெய் காய்ந்திருந்தது. சோயாவைப் புளிக்கவைத்துச் செய்த தெம்பே துண்டுகளை ஒவ்வொன்றாக விட்டாள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?" என்றாள் ரத்ரி.

தட்டும் சத்தம். பிறகு குரல் என்னவோ ஒன்றைக் கக்கியது: "என். டி. யூ. கே."

ஜாவா வீட்டில் பெற்ற மகளைக் கூப்பிடுகிற சொல் ண்டுக். இந்தக் குரலுக்கோ அலுவலகத்தில் பேசுகிற இந்தோனேசிய மொழி மட்டும்தான் தெரியும். எந்த மென்பொருளும் தெரியாத அவன் எழுத்துகளை மாற்றிப் போட்டான். "நுடுக்," என்றது குரல். மறுபடி தட்டினான். "எண்டுக்."

தட்டும் சத்தம் அந்தப் பக்கமும் கேட்டிருக்க வேண்டும். "மெதுவா அடிங்கப்பா," என்றாள் ரத்ரி. "நான் இங்கதான் இருக்கேன்."

எண்ணெயின் இரைச்சலில் ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை. வெனிங் அடுப்பை அணைத்தாள். பாதி வெள்ளையாகவே தெம்பே எண்ணெயில் மிதக்க, கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்று, அடுத்த விரல் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.