ரம்பம் ஓடும் நேரம்

கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கிற அவரை எல்லோரும் ‘கண்ணாடி சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை இருட்டறையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களின் முகத்தருகே தன் முகத்தை வைத்துக்கொண்டு, “இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துதா?” என்று கேட்பது அவர் வேலை. அந்தக் கேள்வியைத் தவிர வேறொன்றும் பேசாமலே கழிகிற நாட்களும் உண்டு.

மகளின் பிரசவத்துக்கென்று கடல் தாண்டிப் போன மனைவி, பேரக்குழந்தை தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. மகளுக்கு அலுவலகம், மருமகனுக்கு நேரங்கெட்ட நேரத்தில் ஷிப்ட், குழந்தைக்கு ஆள் வேண்டும். முதலில் ‘அடுத்த மாசம்’ என்றார்கள். பிறகு ‘பள்ளி லீவுக்கு’ என்றார்கள். அப்புறம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. தொலைபேசியில் சாப்பிட்டாயா, தூங்கினாயா, குழந்தைக்குச் சளி விட்டதா என்று கேட்டுக்கொள்வார்கள். வைத்துவிடுவார்கள்.

ஒருநாள் சமையலறை அலமாரியின் கதவு கையோடு வந்துவிட்டது. அதைத் தானே சரிசெய்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு பொழுது போனதே தெரியவில்லை. அடுத்து கைரம்பத்தால் ஒரு புத்தகத் தட்டு செய்தார். அது குடித்தவன் நடை மாதிரி கோணிக்கொண்டது. காரை விற்றபிறகு ஷெட் காலியாகத்தான் கிடந்தது. நேராக வெட்டுகிற மெஷின் ஒன்று வாங்கி அங்கே போட்டால் என்ன என்று தோன்றிவிட்டது.

கடையில் மெஷின்களைக் கவனித்துக்கொண்டிருந்தவள் தடித்த குரலுள்ள ஒரு நடுவயதுப் பெண்.

“என்ன செய்யப் போறீங்க சார்?”

“ஒரு சாப்பாட்டு மேசை. அப்புறம்... தெரியல.”

“எல்லாரும் முதல்ல மேசைன்னுதான் ஆரம்பிப்பாங்க. நீங்க ஒரு ஸ்டூல்ல ஆரம்பிங்க. தப்பாப் போனா விறகு கம்மி” என்று சிரித்தாள்.

மேசை ரம்பம் என்பது பார்வைக்கு எளிமையானதுதான். ஒரு தட்டு, அதன் நடுவே பிளவிலிருந்து எட்டிப் பார்க்கும் வட்டப் பல்சக்கரம், பக்கத்தில் பலகையை ஒட்டித் தள்ளுவதற்கு நீளமான ஒரு சட்டம். அந்தச் சட்டத்தை அவள் ‘ஃபென்ஸ்’ என்றாள்.

“மெஷினோட பவரைப் பாக்காதீங்க சார். இதை முதல்ல பாருங்க. பூட்டிட்டு, ஆடுற பல்லை ஆட்டிப் பாக்கற மாதிரி ஆட்டிப் பாருங்க.”

விலை குறைந்த மெஷினின் சட்டம் பூட்டிய பிறகும் வால்பக்கம் அசைந்தது. அதை வேண்டாமென்றார். அடுத்து ஒரு பெரிய இரும்பு மெஷின், எருமை மாதிரி நின்றது.

“இது பட்டறைக்காரங்களுக்கு. இறக்கி வைக்கவே நாலு பேர் வேணும்.”

“நாலு பேருக்கு நான் எங்க போறது” என்றார் கண்ணாடி சார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

கடைசியில் மடக்குக் கால் வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதன் சட்டம் இரண்டு முனையிலும் இறுகப் பிடித்தது. முழங்காலாலேயே தட்டி நிறுத்துகிற மாதிரி பெரிய சிவப்புப் பொத்தான் இருந்தது. பல்சக்கரத்துக்குப் பின்னால் அதே வளைவில் ஒரு மெல்லிய தகடு நின்றது.

“இந்தத் தகடை மட்டும் லேசா நினைக்காதீங்க. வெட்டின மரம் மறுபடி ஒட்டிக்கிட்டுச் சக்கரத்தைக் கவ்வாம இதுதான் தடுக்கும். கவ்விச்சுன்னா கட்டை உங்க மேலயே பாஞ்சு வரும். அதனால சக்கரத்துக்கு நேரா நிக்காதீங்க, ஒதுங்கி நில்லுங்க. முழுக்கைச் சட்டை வேண்டாம். கையுறையும் கூடாது.”

“கையுறை போட்டாத்தானே பத்திரம்?”

“துணி நுனி பல்லுல மாட்டினா கையையும் சேத்து இழுத்துக்கும் சார். சின்ன துண்டை விரலால தள்ளாதீங்க, தள்ளுகுச்சி இருக்கு. சக்கரம் மாத்தும்போது பிளக்கைப் பிடுங்கிடுங்க. ஸ்விட்சை அணைச்சா மட்டும் போதாது. கண்ணுக்கு—”

“கண்ணுக்கு நான் பாத்துக்கறேம்மா. அது என் பொழப்பு.”

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “ஓடும்போது வீட்ல யாராவது இருப்பாங்கல்ல?”

“இருப்பாங்க” என்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஷெட்டில் மெஷினை நிறுத்தி, பிளக்கைச் செருகாமலே சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி முன்னும் பின்னும் ஒன்றுபோல இருக்கிறதா என்று அளந்தார். லென்ஸ் தேய்க்கக் கொடுத்து வாங்கிப் பழகிய கண், மயிரிழை கோணினாலும் காட்டிக்கொடுத்துவிடும். சக்கரம் பலகைக்கு மேல் ஒரு பல் உயரம் மட்டும் தெரியும்படி இறக்கினார். ஒதுங்கி நின்று ஓட்டினார்.

வீடு முழுக்கச் சத்தம் நிறைந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது, சமையலறையில் ஏதோ தட்டு கிணுகிணுத்தது. வீட்டில் பத்துப் பேர் கூடிப் பேசுவது போல இருந்தது அவருக்கு. பலகை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போய் இரண்டாகப் பிரிந்தது. பொத்தானைத் தட்டினார். சக்கரம் சுழன்று சுழன்று அடங்கியது. அடங்கிய பிறகு வந்த அமைதி அவரை உட்காரவைத்துவிட்டது. இப்போது கை போயிருந்தால், நாளை மருத்துவமனையில் அவரைத் தேடும்வரை யாருக்கும் தெரியாது.

மனைவிக்கு வீடியோவில் கூப்பிட்டார். இங்கே மாலை, அங்கே காலை.

“என்னங்க, திடீர்னு?”

“ஒண்ணுமில்ல. ஒரு உதவி. நான் வெட்டும்போது நீ சும்மா லைன்ல இருக்கணும். பேச வேண்டாம்.”

“எதை வெட்டும்போது?” என்றாள் அவள் கலவரமாக.

விஷயத்தைச் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மெஷினைக் காட்டச் சொன்னாள். விரல்களையும் காட்டச் சொன்னாள், இருக்கிறதா என்று பார்க்க.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஷெட் சுவரில் மாட்டியிருந்த அந்தக் கோணல் புத்தகத் தட்டில் அலைபேசியைச் சாய்த்து வைப்பார். அந்தப் பக்கம் அவள் துணி மடிப்பாள், குழந்தையின் டிபன் டப்பாவைத் துடைப்பாள். மெஷின் ஓடும்போது இருவருக்கும் ஒன்றும் கேட்காது. நின்றதும், “முடிஞ்சுதா?” என்பாள். “ஒரு கால் முடிஞ்சுது.” “ஸ்டூலுக்கு மூணு காலா நாலு காலா?” “மூணு. மூணுன்னா ஆடாது.” “அப்ப நமக்கெல்லாம் ஒரு கால் குறைச்சல்தான்” என்பாள். இத்தனை வருடத்தில் பேசாததையெல்லாம் இரண்டு வெட்டுக்கு நடுவே பேசினார்கள். ஸ்டூல் முடிந்தது. உட்கார்ந்து காட்டினார். அவள் கைதட்டினாள். மேசைக்குப் பலகை வாங்கிவந்தார்.

மேசையின் ஓரச்சட்டங்களில் பள்ளம் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு இடித்ததால், சக்கரத்துக்குப் பின்னால் நிற்கும் அந்தத் தகட்டைக் கழற்றினார். மறுநாள் ஒல்லியான ரீப்பர் கட்டைகள் வெட்ட வேண்டும். தகட்டைத் திரும்ப மாட்டச் சோம்பல். இரண்டே வெட்டுதானே என்று விட்டுவிட்டார்.

“என்னங்க, பாதி உடம்புதான் தெரியுது. கொஞ்சம் இந்தப் பக்கம் நில்லுங்களேன், முகமே தெரியல” என்றாள் மனைவி.

அவர் நகர்ந்து நின்றார். சக்கரத்துக்கு நேராக.

ரீப்பர் முக்கால்வாசி போயிருக்கும். வெட்டின வாய் மூடிக்கொண்டது. டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. கட்டை வந்ததையே அவர் பார்க்கவில்லை. விலாவில் யாரோ சம்மட்டியால் போட்டது போல இருந்தது, அவ்வளவுதான். அடுத்து தெரிந்தது ஷெட்டின் கூரை. மூச்சை இழுத்தால் வரவில்லை. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் இருந்த அலைபேசியில் அவள் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பொத்தான் கைக்கெட்டாத உயரத்தில் சிவப்பாக இருந்தது.

அங்கே அவள் யாரைக் கூப்பிடுவாள்? அவளுக்குத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் காலிசெய்து போய்விட்டார்கள். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மகள் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து ஆம்புலன்சுக்கு எந்த எண் என்று தேட ஆரம்பித்தாளாம். மனைவியின் அலைபேசியில் இந்த ஊர் எண் என்று மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, தண்ணீர் கேன் போடுகிறவருடையது. மகள் தன் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டாள்.

கேன்காரர் தெருமுனைக் கடையில் இருந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். எந்தப் பொத்தான் எதற்கென்று அவருக்குத் தெரியாது. பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். சத்தம் இறங்கி, இறங்கி, அதன் அடியிலிருந்து அவள் குரல் வெளிப்பட்டது. “ஏங்க... ஏங்க... ஏங்க...” என்று அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இருக்காரும்மா! மூச்சு இருக்கு! கண்ணு முழிச்சுத்தான் இருக்காரு!” என்று கேன்காரர் அலைபேசியைப் பார்த்துக் கத்தினார்.

விலாவில் தோல் கிழிந்து, எலும்பில் ஒரு விரிசல். உள்ளே வேறெதற்கும் சேதமில்லை. இரண்டு அங்குலம் மேலே பட்டிருந்தால் வேறு கதை என்றார் எலும்பு டாக்டர். இருமினால் உயிர் போயிற்று. கேன்காரர் இரண்டு வேளை சாப்பாடு வாங்கிவந்து கொடுத்தார். அதற்குமேல் அவருக்கும் வேலை இருந்தது.

கொஞ்சம் தேறிய பிறகு மனைவியிடம் சொன்னார்: “தகட்டைத் திரும்ப மாட்டிட்டேன். இனி கழட்டினா அந்த நிமிஷமே மாட்டிடுவேன். நாளைக்குக் கொஞ்சம் வெட்டணும். லைன்ல இருப்பியா?”

“மாட்டேன்.”

“கோவமா?”

“நான்தான் நகந்து நில்லுங்கன்னு சொன்னேன். நீங்க விழுந்ததையும் நான்தான் பாத்தேன். எழுப்ப முடியல, தண்ணி கொடுக்க முடியல. பக்கத்துல இருந்து பயப்படலாங்க. இங்க இருந்து பயப்பட என்னால முடியாது. இனிமே என்னைப் பாக்கச் சொல்லாதீங்க.”

அவர் இத்தனை வருடமும் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னார்: “அப்ப நீ வந்துடேன்.”

அந்தப் பக்கம் குழந்தையின் கார்ட்டூன் சத்தம் மட்டும் கேட்டது.

“இதை எப்பவோ சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள். “முதல் வருஷம் பூரா, இன்னிக்குச் சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு இருந்தேன். நீங்க சாப்பிட்டியான்னுதான் கேட்டீங்க. சரி, நாம இல்லாமலே இவருக்கு ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.”

“உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு...”

“தெரியுது. இப்பத் தெரியுது. ஆனா எனக்கு இங்க பழகிப் போச்சுங்க.” அதைக் கோபமில்லாமல், ரொம்ப மெதுவாகச் சொன்னாள். அதுதான் அவருக்கு விலாவைவிட வலித்தது.

மெஷினை விற்றுவிடலாமா என்று யோசித்தார். விற்றால் மாலைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. கேன்காரரிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார். கேன்காரர் காதைக் குடைந்தபடி கேட்டுவிட்டு, “அவ்வளவுதானா? போட்றப்ப ஒரு போன், அணைச்சப்புறம் ஒரு போன். ரெண்டாவது வரலன்னா நான் வரேன்” என்றார். அப்படியே நடந்தது. “போடறேன்.” “சரி சார்.” “முடிச்சாச்சு.” “சரி சார்.” அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. மேசை மெல்ல மெல்ல எழுந்து நின்றது.

பள்ளி விடுமுறையில் மனைவி வந்தாள். மகளே டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே வைப்பது என்று ஒரு கணம் நின்றாள். சமையலறையில், “உப்பு எதுல இருக்கு?” என்று கேட்டாள். அவள் வைத்துவிட்டுப் போன டப்பாவில் இப்போது திருகாணிகள் இருந்தன. இருந்தாலும் அந்த நாட்கள் நன்றாகவே இருந்தன. புது மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் விரலால் மேசையின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, “சொரசொரப்பே இல்ல” என்றாள். அவர் மெஷினை ஓட்டும்போது ஷெட் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒருமுறைகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. விலாவில் தழும்பைத் தொட்டுப் பார்த்து அழுதாள். இருந்துவிடு என்று அவர் மறுபடி கேட்டார். குழந்தை பள்ளி திறக்கிறது என்றாள். வருஷாவருஷம் வருகிறேன் என்றாள். அது பொய்யில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அது போதாது என்று இருவருக்கும் தெரிந்தது.

அவளை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்து இரண்டு நாள் ஷெட்டைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டார், சட்டத்தைப் பூட்டி ஆட்டிப் பார்த்தார், தகடு இடத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு போன் செய்தார்.

“போடறேன்.”

கேன்காரர் வழக்கம்போல உடனே வைக்கவில்லை.

“அம்மா கிளம்பிட்டாங்களா சார்?”

“ஆமா.”

அந்தப் பக்கம் கேன்களை உருட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ அவரை அவசரமாகக் கூப்பிட்டார்கள்.

“சரி சார்” என்றார் கேன்காரர். “ஒதுங்கி நின்னு போடுங்க.”