பெண் பார்த்த வாரம்

டாக்டரம்மாவின் பேனா மருந்துச் சீட்டைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது, இந்த மாத்திரை அழுகைக்கும் கேக்கும், ஓயாம கை கழுவுறதுக்கும் கேக்கும், ஆனா தூக்கமே வேண்டாங்கிற மாதிரி, காரணமில்லாம தலைகால் புரியாத சந்தோஷத்துல இருந்த நாள் எப்பவாச்சும் உண்டுன்னா இதைத் தனியா குடுக்கக் கூடாதும்மா, ஆளையே தூக்கி அடிச்சிரும், வேற மருந்துலதான் ஆரம்பிக்கணும், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, என்கிறார், பக்கத்து நாற்காலியில் என் கணவர் செண்பகராஜன் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறார், யோசிக்க என்ன இருக்கிறது, அந்த வாரம் எனக்கு அத்துப்படி, கோவில்பட்டி வீட்டில் எட்டு நாள் பொட்டுத் தூக்கமில்லை, சுவருக்கெல்லாம் நானே சுண்ணாம்பு அடித்தேன், அதிரசம் சுட்டுத் தெருவுக்கே கொடுத்தேன், உலகத்தில் என்னைப் போல் எவள் உண்டு என்றிருந்தது, ஒன்பதாம் நாள் இவர்கள் பெண் பார்க்க வந்தார்கள், ஒரு பாட்டுப் பாடச் சொன்னதற்கு நாலு பாடினேன், வருங்கால மாமனாரின் வழுக்கையைக்கூடக் கிண்டலடிக்காமல் விட்டுவைக்கவில்லை, கூடமே விழுந்து விழுந்து சிரித்தது, இவர் அங்கேயே சொல்லிவிட்டாராம், கட்டுனா இந்தப் புள்ளையைத்தான், வீடு கலகலன்னு இருக்கும்.

பூ வைத்துவிட்டுப் போன மறுவாரம் பாயில் விழுந்தவள் மூன்று மாதம் எழுந்திருக்கவில்லை, சம்பந்தி வீட்டுக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லி அனுப்பினாள் அம்மா, பிறகு என் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள், ஏட்டி, அழுகையைச் சொன்னாக்கூட கட்டிக்கிடுவாக, அந்தச் சிரிப்பும் சீக்குன்னு மட்டும் எவுகட்டயும் மூச்சு விட்டுராத, அதைப் பாத்துல்லா உன்னையக் கேட்டு வந்திருக்காக. மூன்று வருடமாக இவர் அந்தப் பெண்ணைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார், கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பதினோரு முறை எழுந்து போகிறவளை அல்ல, ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை, நல்ல மனிதர், அதனால்தான் எனக்கு இத்தனை பயம், நான் உண்மையைச் சொன்னால் இவர் ஆசைப்பட்டுக் கட்டியது என்னையா என் வியாதியையா, அப்படியெல்லாம் எதுவும் இருந்ததில்லை டாக்டர், என்கிறது என் குரல், பேனா சீட்டில் இறங்குகிறது.

மூன்றாம் வாரம் அதே நாற்காலிகள், தூக்கம் எப்படி இருக்கு என்று டாக்டரம்மா கேட்கிறார், நான் வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொள்கிறார், படுத்தா அசையாமக் கெடக்கா டாக்டர், இப்பத்தான் பழைய ஆளா ஆயிருக்கா, நேத்து அவ அடிச்ச கூத்துல எங்க அப்பாவே சிரிச்சிட்டாக, அசையாமல் கிடந்தது நிஜம், இவர் எழுந்துவிடக் கூடாதே என்று கிடந்தேன், கண் மூடி ஐந்து நாளாகிறது, எட்டு ஒன்பது நாளுக்குப் பின்னால் என்ன வரும் என்று இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். கை கழுவுறது நின்னுருச்சா? அது மட்டும் இன்னும் இருக்கு டாக்டர், என்கிறார் இவர். அப்ப மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிருவோம், கூட்டலாம்தானேம்மா, என்று டாக்டரம்மா என்னைத்தான் கேட்கிறார், சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு, என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அந்த நேரம் பார்த்து இவர் என் கையைப் பிடிக்கிறார், அடுத்தவர் முன்னால் இவர் என் கையைப் பிடிப்பது இதுதான் முதல் தடவை, கூட்டுங்க டாக்டர், என்கிறேன்.