சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் என்றால் பாதி டாக்டர், பாதி கடவுள். மலாயாவில் சிகாமட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், டிரசர் வைத்தியலிங்கம் இரண்டாவது பாதியைத்தான் நன்றாகப் பழகி வைத்திருந்தார். எந்தப் புழுக்கத்திலும் கோட்டுப் பொத்தானைக் கழற்றமாட்டார்.

யாழ்ப்பாணத்துக்காரர். கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போய் உட்காரமாட்டார். அது அவருக்குக் கௌரவக் குறைச்சல். தோட்ட மானேஜர் துரை அவரைப் பங்களாவுக்குக் கூப்பிடமாட்டார். அது துரைக்குக் கௌரவக் குறைச்சல். ஆகவே சாயந்திர வேளைகளில் கடவுள் தம் வீட்டு வராந்தாவில் தனியாக உட்கார்ந்து மழையைத் தரிசித்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிளேறி சிகாமட் ஸ்டேஷனுக்குப் போவார். அங்கே குமாஸ்தா சிவசம்பு, ஊர்க்காரர். இரண்டு பேரும் மற்ற ஊர்க்காரர்களைக் குறை சொல்லிவிட்டு நிம்மதியாகப் பிரிவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையையும் ஒரு குழாய் தின்றுவிட்டது.

சீழ்க்கட்டியைக் கீறினால், உள்ளே ஊறுவது வடிவதற்கு ஒரு ரப்பர் குழாயைச் செருகி வைப்பார்கள். அது உள்ளே நழுவாதபடி வெளி நுனியில் ஓர் ஊக்கைக் குத்தி நிறுத்துவார்கள். புண் அடியிலிருந்து ஆற ஆறக் குழாயை உருவி, நறுக்கி, மறுபடி ஊக்கு. ஊக்கு துருப்பிடிக்கும், நோயாளி அலறுவான். வைத்தியலிங்கத்துக்கு அலறல் பிடிக்காது. குழாயின்மேல் இறுக்கமாக நகரும் ஒரு வளையம் இருந்தால் என்ன என்று யோசித்தார். வளையத்துக்கு இரண்டு காது. காதில் நாடாவைக் கோத்து உடம்போடு கட்டலாம். குழாயைச் சற்று மேலே இழுத்து வளையத்தைக் கீழே தள்ளினால் ஆழம் குறையும். குழந்தையின் விலாவுக்கும் கங்காணியின் பின்புறத்துக்கும் ஒரே சாமான்.

கண்ணுக்கெட்டியவரை ரப்பர் மரம். வளையத்துக்கு ரப்பர் இல்லை. தோட்டத்து ரப்பர் ஷீட் கொதிநீரில் இளகிப் பிசுபிசுத்தது. கடைசியில் சைக்கிள் டியூபை வெட்டினார். ஒன்று தளர்ந்தது, ஒன்று குழாயையே நெரித்தது. சரியான வளையம் அமைவதற்குள் இரண்டு சக்கரத்து டியூபும் தீர்ந்து, சிகாமட் பயணமும் நின்றிருந்தது. 'வைத்தியலிங்கம்ஸ் இம்ப்ரூவ்ட் அட்ஜஸ்டபிள் டிரெயின்' என்று பெயரும் வைத்தார். பெயர் குழாயைவிட நீளம்.

மாதம் ஒருமுறை வரும் டாக்டர் துரை, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அர்ச்சுனனின் தொடைக் கட்டியைக் கீறி, ஊக்குக் குழாய் வைத்துவிட்டுப் போனார். அவருடைய கார் தோட்டத்து எல்லையைத் தாண்டியதும் வைத்தியலிங்கம் ஊக்குக் குழாயை உருவிவிட்டுத் தம் குழாயை வைத்தார். அடுத்த முறை துரை வரும்போது அது தொடையிலேயே இருக்க வேண்டும், துரை குனிந்து பார்க்க வேண்டும், யார் செய்தது என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

குழாயைக் கண்காணிப்பதற்கென்று கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வார்டில் வேறு ஆள் இல்லை. கண்காணிப்பு மெல்லப் பேச்சாயிற்று. தாம் இங்கிலீஷ் பரீட்சை தேறிய கதையைச் சொன்னார். வைத்திய கல்லூரியில் தம் இடத்தைத் தட்டிப் பறித்த மச்சானின் கதையைச் சொன்னார்.

"அப்புறம்?" என்றான் அர்ச்சுனன்.

அவரிடம் அப்படிக் கேட்ட மனிதர் எத்தனையோ வருஷமாக இல்லை. மறுநாளும் சொன்னார்.

டாக்டர் துரை வரவேண்டிய வாரத்தில் ஆறு பெருகியது. ரயில் நின்றது, ரோடு முழுகியது. வளையம் மட்டும் தன் வேலையைச் செவ்வனே செய்தது. ஆழம் குறைந்துகொண்டே வந்தது, பஞ்சில் சீழ் நின்று போய் ஓர் ஈரக் கறை மட்டும் மிஞ்சியது.

"ஐயா, பஞ்சு காஞ்சு கெடக்கு. குழாயக் கழட்டிடலாமில்ல?"

"டொக்டர் துரை வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் இருக்கட்டும்."

"அலமாக்! ஆத்துத் தண்ணி வடியறவரைக்கும் எந்தொடையும் வடியணுமா?"

"உனக்கென்ன தெரியும்? அசையாமல் கிட."

அவருக்குத் தெரியும். வேலை முடிந்த குழாய் சும்மா இருக்காது, தானே புண்ணாகும். அந்த ஈரக் கறை கட்டியுடையதல்ல, குழாயுடையது. தெரிந்தும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மச்சானின் கதையை மறுபடி முதலிலிருந்து எடுத்தார்.

அர்ச்சுனன் கொஞ்சநேரம் கேட்டான். பிறகு எழுந்து உட்கார்ந்தான்.

"ஐயா கோவிச்சுக்காதீங்க. பேச்சுத் தொணைக்கு ஆளு வேணும்னா சொல்லுங்க. வேலை விட்டதும் சாயந்தரம் நானே வந்து உக்காந்துக்கறேன். அதுக்கு எந்தொடையில எதுக்குக் குழாயி?"

வைத்தியலிங்கத்தின் காது சிவந்தது. "ஆர் சொன்னது எனக்கு ஆள் வேணுமெண்டு? வாய்க்கொழுப்பு!" என்றவர் நாடாவை அவிழ்த்து, குழாயை ஒரே இழுப்பில் உருவினார். அர்ச்சுனன் அலறவில்லை. குழாய் அத்தனை நல்ல குழாய். புண் மூடியதும் அவனை லயத்துக்கு அனுப்பிவிட்டார்.

தண்ணீர் வடிந்து டாக்டர் துரை வந்தார். வெள்ளைத் துணி விரித்த தட்டில் குழாயை ஏந்தி நின்று, வைத்தியலிங்கம் அதன் முழுப் பெயரையும் மூச்சுவிடாமல் சொன்னார். துரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "அழகாயிருக்கிறது. ஊக்குக்கு என்ன குறைச்சல்?" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், வெள்ளத்தில் தம் கார் பட்ட பாட்டைச் சொல்லத் தொடங்கினார். வைத்தியலிங்கம் "அப்புறம்?" என்று கேட்கவில்லை. துரைக்கு அது தேவைப்படவுமில்லை.

ஒரு சாயந்திரம், துவைத்த சட்டையும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக அர்ச்சுனன் வராந்தாப் படியடியில் வந்து நின்றான்.

"என்ன?"

"சும்மாத்தான் வந்தேங்கய்யா."

வராந்தாவில் ஒரு நாற்காலிதான். இன்னொன்று உள்ளே இருந்தது. வைத்தியலிங்கம் எழுந்து உள்ளே போனார். அதன் முதுகில் கை வைத்தார். ஒரு பால்வெட்டுக்காரனுக்கு டிரசர் நாற்காலி தூக்கி வருவதா? திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது, பஞ்சும் இடுக்கியும் வைத்த தட்டு.

"காலைக் காட்டு."

காட்டினான். குனிந்து, தழும்பை அழுத்திப் பார்த்தார். குறை சொல்ல ஏதாவது அகப்படாதா என்று இன்னொரு முறையும் அழுத்திப் பார்த்தார்.

"நல்லா ஆறியிருக்கு. இனி நீ வரத் தேவையில்லை."

அர்ச்சுனன் அவர் முகத்தைப் பார்த்தான். "சரிங்கய்யா" என்று பழத்தைப் படியில் வைத்துவிட்டு நடந்தான். கால் துளியும் சாயவில்லை.

தூறல் விழுந்தது. வைத்தியலிங்கம் தட்டைக் கீழே வைத்தார். கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். உள்ளே போய் நாற்காலியைத் தூக்கி வந்து, தம்முடையதற்கு எதிரே போட்டார்.

அர்ச்சுனன் அதற்குள் லயத்துத் திருப்பத்தைத் தாண்டிவிட்டிருந்தான்.